கம்பி ஏன் துடிக்கிறது?

மூன்றாம் ஆண்டு இயற்பியல் மாணவன் ஒருவன்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரைக் கடந்து சிறிது தூரம் சென்றால் வருவது எங்கள் ஊர், சுங்குவார்சத்திரம். பெயரிலேயே சத்திரம் இருக்கிறது. வழிப்போக்கர்கள் இளைப்பாறிய இடம் என்பது அந்தப் பெயரைக் கேட்டாலே விளங்கும். இன்றோ இளைப்பாறுவோர் குறைவு, விரைவோர் மிகுதி. கைப்பேசி செய்யும் தொழிற்சாலை, குளிர்பதனப் பெட்டி செய்யும் தொழிற்சாலை, ஒரகடம் பக்கம் போனால் கார்களும் லாரிகளும் செய்யும் பெருந்தொழிற்சாலைகள். விடியற்காலை ஐந்து மணிக்கே கம்பெனிப் பேருந்துகள் சாலையோரம் வரிசையாக நிற்கும். அவற்றுள் ஒன்றில் என் அக்கா ஏறுவாள். அந்தப் பேருந்துகளை ஒட்டி உறுமிக்கொண்டு போகும் நீண்ட டிரெய்லர் லாரிகளுள் ஒன்றை என் தந்தையார் ஓட்டுவார்.

இந்தக் கட்டுரை கணிப்பொறி விளையாட்டைப் பற்றியது. "ஆண்டு மலரில் எழுத வேறு பொருளா கிடைக்கவில்லை?" என்று நண்பர்கள் நகைக்கலாம், பேராசிரியப் பெருமக்கள் முகம் சுளிக்கலாம். சற்றே பொறுத்தருள வேண்டுகிறேன். விளையாட்டு வினையாகும் என்பார்கள். எங்கள் வீட்டிலோ வினையாக இருந்த ஒன்றை விளையாட்டுத்தான் காட்டிக் கொடுத்தது. அதைச் சொல்லவே எழுத வந்தேன்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது, அரசு 2011-ஆம் ஆண்டில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அவளுக்கு ஒரு மடிக்கணினி கிடைத்தது. அவள் வேலைக்குப் போனபின் அது என் கைக்கு வந்தது. பாடம் படித்தேன், பாட்டுக் கேட்டேன், பிறகு நண்பன் ஒருவன் வழியாக ஒரு விளையாட்டும் வந்து சேர்ந்தது. அதன் பெயர் யூரோ டிரக் சிமுலேட்டர் 2. செக் நாட்டின் தலைநகரான பிராக் நகரில் உள்ள எஸ்.சி.எஸ். சாஃப்ட்வேர் என்னும் நிறுவனம் 2012-இல் வெளியிட்டது. அதே 2012-இல்தான் எங்கள் ஒரகடத்தில் பாரத் பென்ஸ் லாரித் தொழிற்சாலையும் திறக்கப்பட்டது என்பது எனக்குப் பிடித்த ஒற்றுமை. இந்த விளையாட்டில் சுடுவது இல்லை, வெட்டுவது இல்லை. சரக்கை ஏற்றிக்கொண்டு ஐரோப்பியச் சாலைகளில் விதி தவறாமல் ஓட்டிச் சென்று, உரிய நேரத்தில் இறக்க வேண்டும். அவ்வளவுதான். லாரி ஓட்டுநரின் மகனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் அந்த மடிக்கணினியில் லாரி ஓடவில்லை, நொண்டியது. பொம்மலாட்டப் பொம்மையைக் கயிற்றில் இழுத்து இழுத்து விடுவதுபோல் சாலை விட்டுவிட்டு நகர்ந்தது. காரணத்தைப் பிறகு அறிந்தேன். அதில் படம் வரைவதற்கென்று தனி நினைவகம் இல்லை. மற்ற எல்லா வேலைக்கும் உள்ள நினைவகத்தையே படம் வரையும் பகுதியும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அதில் இருந்த டிடிஆர்3-1600 வகை நினைவகம், ஒற்றை அட்டையாக இருந்ததால், ஒரு நொடிக்கு மிகுதியாகப் போனால் 12.8 கிகாபைட் தகவலைத்தான் கொடுத்து வாங்கும். கூட்டுக் குடும்பத்தில் ஒரே குழாயில் அனைவரும் தண்ணீர் பிடிப்பது போன்ற நிலை.

முதலாண்டு முடிந்த கோடை விடுமுறையில், 2024-இல், ஒரு தொழிற்சாலையில் இரண்டு மாதம் ஒப்பந்தப் பணியாளாக வேலை செய்தேன். கிடைத்த கூலியில் பாதியை அம்மாவிடம் கொடுத்தேன். மீதியை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துப்போட்ட கணிப்பொறி ஒன்றும், 21.5 அங்குலத் திரை ஒன்றும், யாரோ பயன்படுத்திவிட்டு விற்ற கிராபிக்ஸ் கார்டு ஒன்றும் வாங்கினேன். கார்டின் பெயர் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ. 2016-இல் வந்தது. பழைய அலுவலகக் கணிப்பொறிக்கு அது பொருந்துவதற்குக் காரணம், அதற்கு 75 வாட் மின்சாரம் போதும். தனியே மின்கம்பி இழுக்க வேண்டியதில்லை. அதற்கென்று தனி நினைவகம் 4 கிகாபைட்; ஒரு நொடிக்கு 112 கிகாபைட் தகவலை அது கையாளும். பழைய மடிக்கணினியின் 12.8 எங்கே, இந்த 112 எங்கே! ஏறத்தாழ ஒன்பது மடங்கு.

வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்தக் கார்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எவ்ளோடா இது?"

"நாலாயிரத்து ஐந்நூறுப்பா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. "ஜாக்கிரதையா வெச்சுக்கோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அந்த மௌனத்தின் பொருள் அன்று எனக்கு விளங்கவில்லை.

லாரி இப்போது அருமையாக ஓடியது. நொடிக்கு 60 படங்கள்! ஆனால் மகிழ்ச்சி முழுதாக நிலைக்கவில்லை. சாலையோரத் தடுப்புக் கம்பிகளின் விளிம்புகள் ரம்பத்தின் பற்கள்போல் இருந்தன. தொலைவில் போகும் மின்கம்பிகள் லாரி நகர நகர அறுந்து அறுந்து ஒட்டின, துடித்தன. நின்றால் துடிப்பும் நின்றது. நகர்ந்தால் மீண்டும் துடித்தது. பணம் போட்டு வாங்கிய கார்டு பழுதுள்ளதோ என்று நெஞ்சம் பதைத்தது.

பழுது கார்டில் இல்லை. திரையின் இயல்பே அது. என் திரையில் குறுக்கே 1920 புள்ளிகள், நெடுக்கே 1080. மொத்தம் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றும் கால் மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு கட்டம். ஒரு கட்டம் ஒரு நேரத்தில் ஒரே நிறத்தைத்தான் காட்டும். பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்று இருக்க அதனால் இயலாது. ஆகவே நேர்க்கோடு நேராக வரும். சாய்ந்த கோடு படிக்கட்டாகத்தான் வரும். மின்கம்பிக்கு நேர்வது இதைவிடக் கொடுமை. தொலைவு கூடக் கூட, அதன் தடிமன் ஒரு கட்டத்தைவிடக் குறைந்துவிடுகிறது. கார்டோ ஒவ்வொரு கட்டத்திலும் நடுவில் ஒரே ஓர் இடத்தைத்தான் நோக்குகிறது. அந்த இடத்தில் கம்பி பட்டால் கட்டம் முழுவதும் கறுப்பு. படாவிட்டால் கட்டம் முழுவதும் வானம். லாரி அசைய அசைய, கம்பி படுவதும் விலகுவதுமாக இருக்கும். அதுவே துடிப்பு.

இதை என் மாமாவிடம் சொன்னபோது அவர் சிரித்தார். மாமா காஞ்சிபுரத்தில் பட்டு நெய்பவர். கணிப்பொறியைத் தொட்டவர் அல்லர். ஆனால் சேலைக் கரையில் வரும் மாங்காயையும் அன்னத்தையும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் வரைவார்கள். ஒவ்வொரு கட்டமும் நிரம்பியிருக்கும், அல்லது காலியாக இருக்கும். அதற்கேற்ப அட்டையில் துளையிட்டு ஜக்கார்டில் மாட்டுவார்கள். பிரான்சில் ஜக்கார்டு என்பவர் 1804-இல் உருவாக்கிய பொறியின் வழிவந்த முறை அது.

"கட்டத்துல வளைவு வராதுடா" என்றார் மாமா. "கட்டத்தைச் சின்னதாக்கினா வளைவு மாதிரி தெரியும். சின்னதாக்கினா இழை கூடும், ஊக்கு கூடும், நாளும் கூடும். கூலிக்கு ஏத்த வளைவுதான் வரும்."

நண்பர்களே! கிராபிக்ஸ் கார்டுகளைப் பற்றி நான் பின்னர் படித்ததெல்லாம் மாமாவின் இந்த ஒரு சொல்லுக்கு உரை எழுதியது போலத்தான் இருந்தது.

கல்லூரி திறந்ததும் எங்கள் இயற்பியல் விரிவுரையாளரிடம் ஐயத்தைக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "பழைய படத்தில் மாட்டு வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுற்றுவதைப் பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். திரைப்படம் என்பது நொடிக்கு 24 நிழற்படங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே, ஓர் ஆரக்கால் தனக்கு முன்னிருந்த ஆரக்காலின் இடத்துக்குச் சற்றுக் குறைவாக வந்து நின்றால், சக்கரம் பின்னோக்கிப் போனதாகவே கண் நம்பும். சக்கரம் பொய் சொல்லவில்லை. கேமரா போதிய தடவை பார்க்கவில்லை. வேகமாக முன்னோக்கிச் சுழலும் சக்கரம், மெதுவாகப் பின்னோக்கிச் சுழலும் சக்கரமாக வேடம் போட்டுக்கொண்டு வருகிறது. ஆங்கிலத்தில் 'அலியாஸ்' என்றால் வேறு பெயரில் உலவுபவன். காவல் நிலையப் பதிவேட்டில் ஒருவன் பெயரையும் மறுபெயரையும் சேர்த்து, நடுவில் 'என்கிற' என்று எழுதுவார்களே, அதுதான். வேடமிட்டு வரும் இந்தப் பொய் உருவங்களுக்கு 'அலியாசிங்' என்று பெயர். அவற்றை நீக்குவது 'ஆன்டி அலியாசிங்'. நான் அதைப் 'படிநீக்கம்' என்று சொல்லிக்கொள்வேன்.

இதன் அடிப்படை விதியை ஹாரி நைக்குவிஸ்ட் 1928-இல் தந்தி அனுப்புவது பற்றிய ஆய்வில் தொட்டுக் காட்டினார். கிளாட் ஷானன் 1949-இல் தெளிவாக நிறுவினார். ஓர் அலையை மாதிரிகளாக எடுத்துப் பின் பழுதின்றி மீட்க வேண்டுமானால், அதன் அதிர்வெண்ணைப்போல் இருமடங்குக்கு மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும். மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 அதிர்வுகள் என்பதால்தான், இசைத்தட்டுக்கு நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுத்தார்கள். கணிப்பொறிப் படத்துக்கும் இதே விதிதான் என்பதை 1977-இல் பிராங்க் குரோ என்னும் ஆய்வாளர் ஒரு கட்டுரையில் விளக்கினார். கட்டத்தின் நடுவே ஓர் இடத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதே. கட்டம் முழுவதிலும் உள்ளதைப் பார்த்துச் சராசரி எடு என்பது அவர் சொன்ன மருந்தின் சாரம். கம்பி ஒரு கட்டத்தில் கால் பங்கை மறைத்தால், அக்கட்டம் கால் பங்கு கறுத்த வானமாக இருக்கட்டும். சற்று எட்டி நின்றால் அந்தச் சாம்பல் கட்டங்கள் சேர்ந்து வழுவழுப்பான கம்பியாகத் தெரியும்.

மருந்து எளிது, விலைதான் பெரிது. எங்கள் விளையாட்டில் படத்தின் அளவை 400 விழுக்காடாக உயர்த்தும் ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கட்டத்துக்கும் நான்கு கட்டங்கள் வரைந்து, அவற்றின் சராசரியைத் திரைக்கு அனுப்பும். 20,73,600 புள்ளிகள் 82,94,400 ஆகிவிடும். நொடிக்கு 60 படம் என்றால், ஒரு படத்துக்குக் கிடைக்கும் நேரம் 16.7 மில்லி நொடிதான். அந்தக் கண்ணிமைப் பொழுதுக்குள் நான்கு மடங்கு வேலை! ஆசையோடு 400-ஐத் தொட்டேன். மின்கம்பிகள் அமைதி அடைந்தன. ஓவியம் போல் நின்றன. ஆனால் படங்களின் எண்ணிக்கை 60-இலிருந்து 20-க்குப் பக்கத்தில் விழுந்தது. கார்டின் விசிறி அரிசி ஆலைபோல் இரைந்தது. அழகான சாலை, ஓட்ட முடியாத லாரி!

செலவைக் குறைக்க அறிஞர்கள் பல வழி கண்டிருக்கிறார்கள். 2000-இல் வந்த வூடூ 5 போன்ற கார்டுகள் படம் முழுவதையும் பன்மடங்கு வரைந்தன. 2001-இல் வந்த ஜிஃபோர்ஸ் 3 சிக்கனமான ஒரு முறையை வீடுகளுக்குக் கொண்டுவந்தது. நிறத்தைக் கணக்கிடுவதுதான் பெருவேலை. அதைக் கட்டத்துக்கு ஒரு தடவை மட்டும் செய். உருவத்தின் விளிம்பு அந்தக் கட்டத்தில் எவ்வளவு பரவியுள்ளது என்பதை மட்டும் நான்கு இடங்களில் பார். 'மல்டி சாம்பிளிங்' எனப்படும் இது விளிம்புக்கு மட்டும் கூலி கொடுக்கும் முறை. ஆனால் கம்பி வேலியையும் மர இலைகளையும் பல விளையாட்டுகளில் தட்டையான ஒரு தாளில் வரைந்து, இடையில் ஓட்டை விட்டிருப்பார்கள். அந்த ஓட்டையின் ஓரம் உருவத்தின் விளிம்பு அல்லவே! அங்கே இம்முறை கைவிட்டுவிடும்.

2009-இல் வேறொரு சிந்தனை பிறந்தது. படத்தை வரைந்து முடித்துவிடு. பிறகு முடிந்த படத்தில் படிக்கட்டுகள் எங்கே உள்ளன என்று தேடி, அங்கு மட்டும் தேய்த்துவிடு. இன்டெல் நிறுவனத்தின் ரெசெட்டோவ் ஒரு முறையும், என்விடியா நிறுவனத்தின் லாட்டஸ் மற்றொரு முறையும் கண்டார்கள். செலவு மிகக் குறைவு. ஆனால் தேய்க்கும் கைக்குப் படிக்கட்டும் எழுத்தும் ஒன்றாகவே தெரியும். சாலையோரப் பெயர்ப்பலகையின் எழுத்தும் சேர்ந்து மங்கும். முந்தைய படங்களில் கண்டதை நினைவில் வைத்து இந்தப் படத்தோடு கலக்கும் முறை அதற்குப் பின் பரவியது; துடிப்பை நன்றாக அடக்கும், ஆனால் விரையும் பொருளுக்குப் பின்னால் ஆவிபோல் ஒரு நிழல் இழுபடும். 2018 முதல் வந்த புதிய கார்டுகளில், குறைந்த புள்ளிகளில் வரைந்து நிறைந்த புள்ளிகளை ஊகித்து நிரப்பும் தனிப்பகுதிகளே உள்ளன. என் ஏழைக் கார்டுக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

ஆகவே நானே கணக்குப் போட்டேன். 400 வேண்டாம், 200 போதும். ஈடுகட்ட எதைக் குறைக்கலாம்? புல்லைக் குறைத்தேன். நிழலைக் குறைத்தேன். பக்கக் கண்ணாடிகளையும் குறைக்கலாம் என்று எண்ணினேன். ஏனெனில் லாரியின் கண்ணாடியில் தெரியும் காட்சிக்காகக் கார்டு பின்னால் உள்ள சாலையை இன்னொரு தடவை வரைய வேண்டியிருக்கிறது, அது பெருஞ்செலவு. பின்னால் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அப்பா அப்போதுதான் வாய் திறந்தார்.

"கண்ணாடியக் கொறைக்காதடா. டிரைவருக்குக் கண்ணாடிதான் முதுகுல இருக்கிற கண்ணு. புல்லு போனாப் போவுது."

எதற்குக் கூலி கொடுப்பது, எதை விடுவது என்பதை ஒரே வரியில் சொல்லிவிட்டார். எனக்குப் பெருமையாக இருந்தது. "வாப்பா, நீயே ஓட்டிப் பாரேன்" என்று அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை அது. அப்பா நாற்காலியில் அமர்ந்தார். ஐரோப்பாவில் வலப்பக்கம் ஓட்டுவது அவருக்குப் பிடிக்கவில்லை. இங்கிலாந்துக்குப் போனோம், அங்கே நம்மைப்போல் இடப்பக்கம். நிதானமாக ஓட்டினார். நான் என் கண்டுபிடிப்பைக் காட்ட விரும்பினேன். படிநீக்கத்தை அணைத்துவிட்டுக் கேட்டேன்.

"அந்தக் கம்பியப் பாருப்பா, துடிக்குது இல்ல?"

"எந்தக் கம்பி?"

"அதோ, ரோட்டோரமா போவுதே, கரண்டுக் கம்பி."

"கம்பியா? எங்கடா கம்பி?"

வேடிக்கை செய்கிறார் என்று நினைத்தேன். படிநீக்கத்தைப் போட்டேன், அணைத்தேன், மறுபடி போட்டேன். "இப்ப? இப்ப?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். "ரெண்டும் ஒண்ணாத்தான்டா இருக்கு. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தாளும் பேனாவும் எடுத்தேன். திரையின் ஒரு கட்டம் கால் மில்லிமீட்டர். உட்கார்ந்த தூரம் 60 சென்டிமீட்டர். அந்தக் கட்டம் கண்ணில் ஏற்படுத்தும் கோணம் ஏறத்தாழ 1.4 கோண நிமிடம். ஒரு பாகையை 60-ஆகப் பகுத்தால் ஒரு பங்கு ஒரு கோண நிமிடம். கண் மருத்துவர்கள் 6/6 என்று எழுதும் நல்ல பார்வை என்பது, ஒரு கோண நிமிட இடைவெளியைப் பிரித்தறியும் பார்வை. ஆகவே நல்ல கண்ணுக்கு என் திரையின் படிக்கட்டு தெரிந்தே தீர வேண்டும். ஏறத்தாழ 85 சென்டிமீட்டருக்கு அப்பால் போனால்தான் ஒரு கட்டம் ஒரு கோண நிமிடமாகக் குறையும். அக்காவின் கைப்பேசியில் படிக்கட்டு தெரியாததற்கும் இதே கணக்குத்தான் காரணம். ஓர் அங்குலத்தில் 460 புள்ளிகள் உள்ள திரையை ஓர் அடி தூரத்தில் பிடித்தால், ஒரு புள்ளி முக்கால் கோண நிமிடம்கூட வராது.

அப்பா அமர்ந்திருந்ததோ 60 சென்டிமீட்டரில். அவருக்குப் படிக்கட்டும் தெரியவில்லை; கம்பியே தெரியவில்லை. அப்படியானால் தேய்ப்பது கார்டு அன்று. அவர் கண்ணே எல்லாவற்றையும் தேய்த்துக்கொண்டிருக்கிறது! அந்தக் கண்ணோடுதான் அவர் நாற்பது அடிக்கு மேல் நீளமுள்ள டிரெய்லரை, கம்பெனிப் பேருந்துகளும் இருசக்கர வண்டிகளும் முண்டியடிக்கும் எங்கள் ஊர்ச் சாலைச் சந்திப்பில் திருப்புகிறார். அந்தப் பேருந்துகளுள் ஒன்றில் என் அக்கா இருக்கிறாள். இதை எண்ணியதும் உடல் நடுங்கியது.

மறுநாள் காலை, சுவரில் தொங்கிய தினசரி நாட்காட்டியைக் காட்டி, "ஒத்தைக் கண்ண மூடிக்கிட்டு அதுல இருக்கிற ராசிபலன் தலைப்பைப் படிப்பா" என்றேன். முதலில் மறுத்தார். பிறகு இடக்கண்ணை மூடினார். தலைப்பு இருக்கட்டும், பெரிய எழுத்தில் இருந்த தேதியையே திணறித்தான் சொன்னார். கையை எடுத்துவிட்டுத் தலைகுனிந்துகொண்டார்.

"ராத்திரியில எதிர் வண்டி வெளக்கு பூவாப் பூக்குதுடா. ஒரு வருசமா. அதான் பகல் லோடா கேட்டு வாங்கிக்கிறேன்" என்றார். சிறிது நேரம் கழித்து, "வெளியில சொல்லிடாத. லைசென்சு புதுப்பிக்கிற நேரம் வருது" என்றார்.

கனரக வாகனம் ஓட்டுவோர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு மருத்துவர் சான்றிதழ் வேண்டும். கண் சரியில்லை என்று தெரிந்தால் ஓட்டும் வேலை போய்விடும். வேலை போய்விட்டால் வீடு என்னாகும்? இந்த அச்சத்தில் ஓராண்டாக ஒரு மனிதர் வாய் திறக்காமல் இருந்திருக்கிறார். அம்மாவிடம் மட்டும், "ஒரு நல்ல மூக்குக்கண்ணாடி போட்டாச் சரியாப் போவும், நாலாயிரம் ஆவுமாம், அப்புறம் பாக்கலாம்" என்று சொல்லி வைத்திருந்தாராம். நாலாயிரம்! என் கார்டின் விலையைக் கேட்டுவிட்டு அவர் ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்த காட்சி என் கண்முன் வந்து நின்றது. அதை எழுதும் இந்த நேரத்திலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அக்கா விடுப்பு எடுத்தாள். மூவரும் சென்னை எழும்பூரில் உள்ள அரசு கண் மருத்துவமனைக்குச் சென்றோம். 1819-ஆம் ஆண்டில் தோன்றிய மருத்துவமனை அது. உலகிலேயே மிகப் பழைய கண் மருத்துவமனைகளுள் ஒன்று. வலக்கண்ணில் 6/36, இடக்கண்ணில் 6/18. 36 மீட்டர் தொலைவில் நல்ல கண் படிக்கும் எழுத்தை, வலக்கண் 6 மீட்டருக்கு நெருங்கி வந்தால்தான் படிக்கும் என்பது பொருள். வலக்கண்ணில் முற்றிய கண்புரை; இடக்கண்ணிலும் தொடக்கம். இது மூக்குக்கண்ணாடியால் தீராது, ஆனால் அறுவை செய்தால் தீரும் என்றார் மருத்துவர். "டிரைவரா? இந்தக் கண்ணோடயா ஓட்டினீங்க?" என்று அவர் கேட்டபோது அப்பா பதில் சொல்லவில்லை. அக்காதான் அழுதாள்.

மங்கிய விழி ஆடியை எடுத்துவிட்டுச் செயற்கை ஆடி பொருத்தினார்கள். பிறகு இடக்கண்ணுக்கும் செய்தார்கள். அந்த மாதங்களில் அப்பா வண்டி ஓட்டவில்லை. அக்காவின் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. நான் வார இறுதிகளில் ஒரு கணிப்பொறிக் கடையில் உதவிக்குச் சென்றேன். கார்டை விற்றுவிடுகிறேன் என்றும் சொன்னேன். "வேணாம். அது இல்லன்னா இது தெரிஞ்சிருக்காது" என்று அப்பா தடுத்துவிட்டார்.

கண் தெளிந்து, மருத்துவர் சான்றிதழும் கொடுத்த பிறகு ஒரு மாலை. நான் வேறு ஏதோ சோதனைக்காகப் படிநீக்கத்தை அணைத்து வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அப்பா புதிய மூக்குக்கண்ணாடியோடு வந்து அருகில் நின்றார். சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஏண்டா, அந்தக் கம்பி ஏன் துடிக்குது?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தொண்டை அடைத்துக்கொண்டது. அம்மாவைக் கூப்பிட்டேன், அக்காவைக் கூப்பிட்டேன். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. "ரோட்டுக் கோடெல்லாம் பல்லு பல்லா இருக்கு, இதையா காசு குடுத்து வாங்கின?" என்று அவர் என்னைக் கடிந்துகொண்டார். அதைவிட இனிய கடுஞ்சொல்லை நான் கேட்டதில்லை.

இதையெல்லாம் விரிவுரையாளரிடம் சொன்னேன். அவர் ஒரு செய்தி சொன்னார். நம் கண்ணின் விழித்திரையும் கட்டங்களால் ஆனதுதான். கூம்பு வடிவ நுண்ணணுக்கள் அங்கே நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. அந்த அணுக்களால் பிரித்தறிய முடியாத அளவு நுட்பமான விவரங்களைக் கண்ணின் ஆடியே ஓரளவு மழுக்கித்தான் உள்ளே அனுப்புகிறது. அதனால்தான் நேரே நோக்கும்போது உலகம் நமக்குப் படிக்கட்டாகத் தெரிவதில்லை. இயற்கை போட்டுவைத்த படிநீக்கம்! கண்புரையும் மழுக்கத்தான் செய்கிறது. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கார்டு நான்கு இடங்களை நன்றாகப் பார்த்த பிறகு, எவ்வளவு மழுக்கலாம் என்று கணக்கிட்டு மழுக்குகிறது. புரை விழுந்த கண்ணோ எதையும் பார்க்கவிடாமலே மழுக்குகிறது. அதுவும் மெல்ல மெல்ல, உடையவனுக்கே தெரியாமல். அறிந்து மழுக்குவது வேறு. அறியாமல் மழுங்குவது வேறு.

என் மீதும் ஒரு புரை இருந்தது என்றே எண்ணுகிறேன். தொலைவில் உள்ள மின்கம்பியின் துடிப்பைக் கண்டேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தவரின் துடிப்பைக் காணவில்லை. 16 மில்லி நொடிக்குள் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று கணக்கிட்டவன், கையில் இருந்த கூலியை எதற்குச் செலவிடுவது என்று கணக்கிடவில்லை. கூலிக்கு ஏற்ற வளைவுதான் வரும் என்று மாமா சொன்னது நெசவுக்கு மட்டும் சொன்னதன்று.

அன்பு நண்பர்களே! நம்மில் பலர் இந்தத் தொழிற்சாலைப் பாதையின் பிள்ளைகள். நம் வீடுகளில் வண்டி ஓட்டுவோர் இருக்கிறார்கள். பெரிய கண்ணாடியின் கீழே சிறு உறுப்புகளைப் பொருத்துவோர் இருக்கிறார்கள். இரவுப் பணி முடிந்து விடியலில் சாலையைக் கடப்போர் இருக்கிறார்கள். கண் மங்குகிறது என்று அவர்கள் வாய் திறந்து சொல்லமாட்டார்கள். சொன்னால் வேலை போகும் என்ற அச்சம் அவர்களுக்கு உண்டு. ஆகவே நாம்தான் கேட்க வேண்டும். கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை, கணக்கும் தேவையில்லை. இன்று மாலை வீடு திரும்பியதும், சுவரில் உள்ள நாட்காட்டியின் முன் உங்கள் தந்தையையோ தாயையோ நிறுத்தி, ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு தேதியைப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை. அதற்கு ஆகும் நேரம் ஒரு நிமிடம்.

என் தந்தையார் மீண்டும் டிரெய்லர் ஓட்டுகிறார். நேற்று இரவு லோடு முடித்துவிட்டு வந்தார். எதிர் வண்டி விளக்கு எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"வெளக்கு வெளக்காத்தான் இருந்துது" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.